இலுப்பை மரத்து அறிக்கை

காட்டோடைக் கரையில் நின்ற பெரிய இலுப்பை மரத்தில் மந்திகள் குடியிருந்தன. மரத்தடியில் மான்கள் மேய்ந்தன. சிறுத்தை வந்தால் மேலிருந்து மந்தி கத்தும், மான்கள் ஓடிவிடும். மந்திகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது மான்கள் முன்னே போய் மோப்பம் பிடித்துச் சொல்லும். இப்படித்தான் இரண்டு கூட்டமும் பிழைத்துவந்தன.

ஒருநாள் உச்சிவெயிலில் காவல் இருந்தது மந்தித் தலைவர் கருமுகனின் மைத்துனன். வயிறு முட்ட இலுப்பைப் பூவைத் தின்றுவிட்டு, கிளையில் கிடந்து குறட்டை விட்டான். செம்பி என்ற மானின் இரண்டு குட்டிகளில் ஒன்றைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. அலறல் கேட்டு விழித்த மந்திகள், அது மூங்கில் புதருக்குள் நுழைவதைக் கண்ணாரக் கண்டன.

"இறங்கிப் போய் உள்ளதைச் சொல்லிடுவோம். சிறுத்தை இன்னும் பக்கத்துலதான் இருக்கு," என்றாள் கருமுகனின் மனைவி.

"சொன்னா நம்ம காவலோட பேர் என்ன ஆகிறது?" என்று அவர் சீறினார். நன்றாகப் பேசும் கிளி ஒன்றைக் கூப்பிட்டு, பழம் கொடுத்து, மான்களிடம் கேட்பதற்கு இதமாக எதையாவது சொல்லச் சொன்னார்.

கிளி தொண்டையைச் செருமிக்கொண்டது. "மான்களின் நலனே எங்கள் உயிர்மூச்சு. இன்று காவலில் சிறு இடைவெளி ஏற்பட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். விசாரணை நடந்துவருகிறது."

செம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிறுத்தை எந்தப் பக்கம் போச்சு?"

கிளி அதே அறிக்கையை மறுபடி சொன்னது. மரத்தில் அத்தனை மந்திகள் இருந்தும் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்ட கூட்டம்!

செம்பி மிச்சமிருந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு தேடி அலைந்தாள். தெரியாமல் மூங்கில் புதர்ப் பக்கமே போய்விட்டாள். சிறுத்தை பாய்ந்தது. குட்டி எப்படியோ தப்பிவிட்டது. ஆனால் தொடைச் சதை கிழிந்து, நொண்டிக்கொண்டுதான் திரும்பியது.

மாலையில் இரண்டாவது அறிக்கை வந்தது. மான்கள் தங்கள் குட்டிகளைத் தாங்களே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குறட்டை விட்ட மைத்துனனுக்குக் காவல் மேற்பார்வையாளர் பதவியும் உச்சிக்கிளையும் கிடைத்தன.

செம்பி அண்ணாந்து பார்த்தாள். "தூங்கிட்டோம், சிறுத்தை மூங்கில் புதர்ல இருக்குன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு இங்கேயே இருந்திருப்பேன். இந்தக் குட்டியோட காலாவது தப்பிச்சிருக்கும்," என்றாள்.

விடிந்ததும் மான்கள் எல்லாம் ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டன.

வெயில் ஏறியது. மந்திகளுக்குத் தாகம் எடுத்தது. முன்னே போய் மோப்பம் பிடிக்க ஆளில்லை. தமக்குப் பயமே இல்லை என்று காட்டுவதற்காகக் கருமுகன் முதலில் இறங்கி, ஓடையில் குனிந்தார். நாணலுக்குள் படுத்திருந்த சிறுத்தைக்கு அது போதுமாக இருந்தது.

"அவர் எங்கே?" என்று மனைவி பதறிப்போய்க் கிளியிடம் கேட்டாள்.

கிளி தொண்டையைச் செருமிக்கொண்டது. "தலைவரின் இருப்பில் சிறு இடைவெளி ஏற்பட்டிருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள்."

செய்த தப்பை அன்றே ஒப்புக்கொள்ளாமல் மூடி மெழுகுகிறவனுக்கு, தனக்கே ஆபத்து வரும்போது எச்சரிக்க அருகில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.