ஓலையில் வந்த பாடம்

எங்கள் பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துப் பேசும்போது சொன்னார்: “சட்டம் போடுகிறவன் முதலில் அதைத் தன் வீட்டுக்குள் ஒரு நடை அனுப்பிப் பார்க்கணும். அது திரும்பி வரும்போது...” அதற்குமேல் மைக் கரகரத்துவிட்டது. திரும்பி வரும்போது என்ன ஆகும் என்பதை இந்தக் கதையை வைத்து நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

வெண்கோட்டை நாட்டின் மருத்துவசாலைக்குக் கடல்கடந்தும் மாணவர்கள் வருவார்கள். வந்தவர்கள் கைக்கு ஒரு செப்பு முத்திரை தரப்படும். முத்திரை இருக்கும்வரை நாட்டில் தங்கலாம். இவர்களைக் கவனிக்கவென்றே கோதண்டர் என்று ஓர் அமைச்சர். அவர் கவனித்த அழகைக் கேளுங்கள்.

ஒரு வருஷம் நகரத்தில் விஷக் காய்ச்சல் பரவியது. “ஆசிரியர்களெல்லாம் மலைக்குப் போகட்டும். பாடம் ஓலையில் வரட்டும்” என்று ஆணையிட்டவர் கோதண்டர். ஆசிரியர்கள் போனார்கள். ஓட்டக்காரர்கள் கட்டுக்கட்டாக ஓலை சுமந்து வந்தார்கள். மாணவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

அடுத்த மாதம் இன்னோர் ஆணை வந்தது. ‘ஓலையில் படிப்பது படிப்பாகாது. பருவத்துக்கு ஒரு பாடம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். மற்றதெல்லாம் ஆசிரியர் முன்னிலையில் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அயல்நாட்டு மாணவர்கள் முத்திரையை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறலாம்.’ இதை எழுதியவரும் அதே கோதண்டர்தான். படிப்புக்காக அவர்கள் கட்டிய பொன்னைத் திருப்பித் தருவதைப் பற்றி மட்டும் அவருடைய எழுத்தாணி மூச்சுவிடவில்லை.

சாவகத் தீவிலிருந்து வந்த தர்மன் என்ற மாணவன், அரசவை விகடன் விடங்கனைத் தேடி ஓடினான்.

“ஐயா, நான் அதே மண்டபத்தில், அதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போனவர் ஆசிரியர். கப்பலேற வேண்டியவன் நானாம்!”

“பக்கத்துப் பாயில் யார் தம்பி?”

“உள்ளூர்க்காரன். அதே ஓலையைத்தான் படிக்கிறான். அவன் படித்தால் படிப்பாம். எனக்கு இன்னும் ஒரே ஒரு பருவம்தான் ஐயா பாக்கி. முடித்தால் எங்கள் தீவுக்கு ஒரு மருத்துவன் கிடைப்பான். முடிக்காமல் போனால், போய்விட்டு வந்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.”

“கப்பல் எப்போது?”

“துறைமுகத்தில் நிற்கிறது. நாளைக் காலை.”

விடங்கன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே அரசவைக்குப் போனான். அரசன் இளநாகனும் அரசி வடிவம்மையும் வீற்றிருந்தார்கள். கோதண்டர் தம் ஆணையின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

“அமைச்சரே, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்” என்றான் விடங்கன். “ஓலை ஆசிரியர் கைப்பட எழுதியதுதானே?”

“எழுத்து வேறு, ஆள் வேறு.”

“அவருடைய முத்திரையும் இருக்கிறதே?”

“முத்திரை பாடம் நடத்துமா ஓய்?” அவை சிரித்தது. கோதண்டருக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

“படிப்புக்கு மட்டும்தான் இந்த விதியா?”

“எதற்கும் இதுதான், என்றைக்கும் இதுதான். ஆள் வராத இடத்தில் காரியம் நடந்ததாக ஆகாது.”

“பிறகு மாற்றிப் பேச மாட்டீர்களே?”

“கோதண்டன் மாற்றிப் பேசி நீ கேட்டதுண்டா?”

விடங்கன் அரசியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “தாயே, மன்னிக்க வேண்டும். இனி உங்களை அரசி என்று கூப்பிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை.”

அரசன் கை வாளுக்குப் போயிற்று.

“என்ன உளறுகிறாய் விடங்கா?”

“அந்த வாளைத்தான் மன்னா சொல்கிறேன். மாப்பிள்ளை போர்முனையில் இருந்தால் அவன் வாளை மணையில் வைத்துக் கல்யாணத்தை முடிப்பது நம் வழக்கம். தங்கள் கல்யாணத்தன்று தாங்கள் வடக்கு எல்லையில் இருந்தீர்கள். அமைச்சரே, மணையில் இருந்தது மன்னரா, வாளா?”

“வாள்தான். பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்ததே நான்தான்!” என்றார் கோதண்டர் பெருமையோடு. சொன்ன பிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

“அது... அது போர்க்காலம்!”

“இது காய்ச்சல் காலம்.”

“வாள் மன்னருடையது!”

“ஓலை ஆசிரியருடையது.”

அரசி மெல்ல முன்னால் சாய்ந்தாள். “அமைச்சரே, இத்தனை வருஷமாக நான் இந்த அரண்மனையில் யார்?”

சட்டென்று கோதண்டர் கண் மின்னியது. “தாயே! பருவத்துக்கு ஒன்று செல்லும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறேனே! தங்கள் கல்யாணம் அந்த ஒன்றில் சேர்த்தி. செல்லும், செல்லும்!”

“அப்பாடா” என்றான் விடங்கன். “பிழைத்தோம். ஆனால் அமைச்சரே, அதே பருவத்தில் மன்னர் வராமலே இன்னொரு காரியமும் நடந்தது. வாளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்று மகிழ்ந்து, போர்முனையிலிருந்தே மன்னர் உங்களுக்கு அமைச்சர் பதவி கொடுத்தார். அதற்கு அவரா நேரில் வந்தார்? ஓலைதான் வந்தது. பருவத்துக்கு ஒன்றுதான் என்கிறீர்கள். அரசியம்மாவின் கல்யாணம் செல்லுமா, உங்கள் பதவி செல்லுமா? சொல்லுங்கள்.”

கோதண்டர் அரசியைப் பார்த்தார். அரசனைப் பார்த்தார்.

“சொல்லுங்கள்” என்றாள் அரசி. “எனக்கும் தெரிந்தாக வேண்டும்.”

அரசனுக்கு அடக்க முடியவில்லை. கிரீடம் சரியச் சரியச் சிரித்தான். அரசி தன் கை வளையலைக் கழற்றினாள். “நேரிலேயே கொடுத்துவிடுகிறேன். பிறகு செல்லாது என்று யாராவது சொல்லப்போகிறார்கள்” என்று விடங்கன் கையில் வைத்தாள்.

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தர்மனும் மற்ற மாணவர்களும் முத்திரையோடு இருந்து படிப்பை முடிக்கட்டும் என்றான். மறுநாள் காலை, அவர்களுக்காகத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் கோதண்டரை ஏற்றி அனுப்பச் சொன்னான்.