ஆளில்லாத புல்லில் காடைகள்

மலையடிவாரத்து முட்காட்டில், உயரமாக வளர்ந்த புல்லுக்குள் ஒரு காடைக் குடும்பம் இருந்தது.

அதுபாட்டுக்கு நன்றாகவே இருந்தது. காலையில் ஒன்றன் பின் ஒன்றாகப் புல்லுக்கடியில் நடந்து போய் விதை பொறுக்கும். ஆபத்து வந்தால் வாலெல்லாம் உள்ளே, தலையெல்லாம் வெளியே என்று வட்டமாக ஒட்டி உட்கார்ந்துவிடும். அசையாது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் மண்கட்டி என்றுதான் நினைப்பீர்கள். அப்படி ஒளிந்திருப்பதால்தான் அவை உயிரோடு இருக்கின்றன.

அது ஒரு குற்றமாம்!

அந்தக் காட்டுக்குத் தலைவர் மயில். ஒருநாள் அது பாறைமேல் ஏறி நின்று சொன்னது: "அந்தப் புல்லில் யாரையும் நான் பார்த்ததே இல்லை. ஆகவே அது ஆளில்லாத புல். காட்டுப்பன்றிக்குக் கொடுத்துவிட்டேன்!"

பன்றி கிழங்குக்காகப் புல்லைக் கிண்டும். கிண்டிய இடம் வெட்டவெளியாகும். வெட்டவெளியில் மயில் தோகை விரித்து ஆடும். உள்விஷயம் இதுதான். எல்லோருக்கும் புரிந்தது. ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! முயல் மட்டும் முனகியது.

"தலைவரே, அங்க காடைங்க இருக்காங்களே?"

"நீ பார்த்தியா?"

"சத்தம் கேட்டிருக்கேன்..."

"சத்தத்துக்கெல்லாம் இடம் கொடுக்க முடியுமா? இருந்தா வந்து இந்தப் பாறைமேல நிக்கட்டும்!"

பாறைக்கு மேலே ஒரு வேலமரம். மரத்தில் வல்லூறு உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. மயிலுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும்!

முயல் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னது. தாய்க்காடைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"பாறைமேல நின்னா நாங்க இருக்கோம்னு தெரியும். அடுத்த நிமிஷம் இருக்க மாட்டோம். நல்லா இருக்குடா உங்க தலைவர் நியாயம்!"

"புல்லு போச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்க?"

புல் போனால் ஒளிய இடமில்லை. குஞ்சுகள் இப்போதுதான் பறக்கப் பழகியிருந்தன. வல்லூறு ஒன்றைக்கூட விட்டுவைக்காது.

"எங்களைப் பார்க்கணும்னா அவரு இங்க வரட்டும். நாங்க நகர மாட்டோம்!" என்றது தாய்க்காடை.

மறுநாள் காலை பன்றி வந்தது. பின்னாலேயே மயிலும் வந்தது. வேடிக்கை பார்க்க மற்ற மிருகங்களும் புல்லோரம் கூடிவிட்டன. வேடிக்கை என்றால் மட்டும் கூடிவிடுவார்கள்!

பன்றி உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கியது. "தலைவரே, நெசமா உள்ள யாரும் இல்லையே? எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்."

"ஒரு உயிர்கூட இல்லை. நான் சொல்றேன்ல, போடா!"

பன்றி நுழைந்தது. காடைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. மூச்சுகூட விடவில்லை. குளம்பு தலைமேல் இறங்கப் போகிறது. அப்போதுதான்...

விர்ர்ர்ர்!

எட்டுத் திக்கிலும் ஒரே நேரத்தில் சிதறிப் பறந்தன. ஒன்று பன்றியின் மூக்கில் மோதியது. ஒன்று காதை உரசியது. ஒன்று காலுக்கிடையில் பாய்ந்தது.

"ஐயோ! யாருமே இல்லைன்னீங்களே! அப்போ இது பேய்! புல்லு பூரா பேய்!"

அலறிக்கொண்டே திரும்பிய பன்றி மயிலை இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது. மயில் சூரை முள்ளில் விழுந்தது. தோகை முழுக்கச் சிக்கிக்கொண்டது.

"டேய், நில்லுடா! பேய் இல்லடா, காடை!"

"காடையே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"இருக்குடா! இங்கதான் இருக்கு! எப்பவும் இங்கதான்டா இருக்கு!"

பன்றி அதற்குள் ஓடையைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் அது தலைவைத்துப் படுக்கவே இல்லை. ஆனால் புல்லோரம் நின்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

முயல் இந்த முறை முனகவில்லை. "கேட்டீங்களா எல்லாரும்? தலைவரே சொல்லிட்டாரு! காடைங்க இருக்காங்க! புல்லு அவங்களோடது!" என்று கத்தியது.

சொன்னதை மயிலால் திரும்ப விழுங்க முடியுமா?

கொஞ்ச நேரத்தில் புல்லுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் கேட்டது. தாய்க்காடை கூப்பிட, சிதறிய குஞ்சுகள் அங்கங்கே இருந்து பதில் கொடுத்தபடி வந்து சேர்ந்தன. கடைசிக் குஞ்சு, மயில் சிக்கிக் கிடந்த அந்தச் சூரைப் புதருக்கடியில்தான் ஒளிந்திருந்தது.

"அடி எதுவும் படலையே?" என்று கேட்டது தாய்க்காடை.

"பரவாயில்லம்மா, தோகைதான் கொஞ்சம் கிழிஞ்சிருச்சு" என்றது மயில்.

"உன்னை யாரு கேட்டா?"

தன் கண்ணில் படாதவர்களை இல்லாதவர்கள் என்று சொல்லி அவர்கள் இடத்தைப் பிடுங்க நினைப்பவன், கடைசியில் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வான்.