கையுறையும் கம்ப்யூட்டரும்

முன்பொரு சமயம், கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டு மாடி அறையில் பழைய கம்ப்யூட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டி.வி.யோடு சேர்த்தால்தான் எழுத்துக் காட்டும் அந்தக் காலத்து ரகம். எங்கே ஒன்று கிடைக்கிறது என்று கேள்விப்பட்டாலும் ஓடிப்போய் வாங்கிவந்துவிடுவார் தெய்வசிகாமணி.

அறைக்குள் நுழையச் செருப்பைக் கழற்ற வேண்டும். எதையாவது தொட வெள்ளைக் கையுறை மாட்ட வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் அவருக்கு அவரே போட்டுக்கொண்டது. வீட்டில் வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கையுறைக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "நான் மட்டும் இல்லையென்றால் நீங்களெல்லாம் அழுக்கேறிக் கிடப்பீர்கள்" என்று அலமாரியைப் பார்த்து அடிக்கடி சொல்லிக் காட்டும்.

ஒரு நாள் அலமாரிக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. உடம்பெல்லாம் பழுப்பு. ஒரு விசையின் ஓரம் உடைந்திருந்தது. தெய்வசிகாமணி தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்து, அங்கே சாமான் அறையில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

வந்ததும் வராததுமாக அது, "எனக்கு ஒரு விரல் வேண்டும்" என்றது.

"விரலாம் விரல்!" என்று சிரித்தது கையுறை. "விரலில் என்ன இருக்கிறது? வேர்வை, எண்ணெய், காலையில் தின்ற பணியாரம். நான் தொடுவது உனக்குப் போதாதா?"

"எனக்கு வேண்டியது ஒரே ஒருவனுடைய விரல்" என்றது பழுப்புக் கம்ப்யூட்டர். "பள்ளிக்கூடத்தில் எனக்கென்று குளுகுளு அறை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும், செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே விடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பையன் நிற்பான். என் விசைகளை அட்டையில் அப்படியே வரைந்து வைத்திருப்பான். உள்ளே பிள்ளைகள் என்னைத் தட்டும்போது அவன் வெளியே அட்டையைத் தட்டுவான். அவன் தட்டியது எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. உள்ளே தட்டினவர்களையெல்லாம் மறந்துவிட்டேன். அவனை மறக்க முடியவில்லை."

பக்கத்திலிருந்த கறுப்புக் கம்ப்யூட்டருக்குப் பாவமாக இருந்தது. "அந்தப் பையனை இனி எங்கே போய்த் தேடுவாய்?"

"தேடுவானேன்? தினமும் உன்னைத் துடைக்கிறாரே, அவர்தான்."



"ஆள்தான் கிடைத்தாயிற்றே, அப்புறம் என்ன அழுகை?" என்றது கையுறை.

"நடுவில் நீ இருக்கிறாய்" என்றது பழுப்பு. "இன்று மத்தியானம் அலமாரிக்குக் கண்ணாடி போட ஆள் வருகிறதாம். போட்டுப் பூட்டிவிட்டால் அவர் மறுபடியும் வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்."

கையுறைக்குச் சுருக்கென்றது.

கண்ணாடிக்காரர் வருவதற்குள் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாமென்று தெய்வசிகாமணி பழுப்பை இறக்கி, டி.வி.யில் மாட்டி, சுவிட்சைப் போட்டார். திரையில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. அவர் கையுறையோடு விசைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மனைவி கோகிலவாணி காபியோடு வந்து வாசற்படியிலேயே நின்றார். "ஏனுங்க, இத்தனை சேத்து வெச்சிருக்கறீங்க. ஒண்ணுலயாச்சும் உங்க பேர அடிச்சுப் பாத்தீங்களா?"

"சும்மா சும்மா தொட்டா கெட்டுப் போயிரும் புள்ள."

"அன்னைக்கு அட்டையைத் தட்டுனீங்க. இன்னைக்குத் துணியைச் சுத்திக்கிட்டுத் தொடறீங்க. என்ன வித்தியாசமுங்க?"

அவர் அடுத்தடுத்த விசைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உடைந்த விசை வந்தது. கையுறை வேண்டுமென்றே அதன் ஓரத்தில் போய் மாட்டிக்கொண்டு, சர்ரென்று கிழிந்துகொடுத்தது. ஆட்காட்டி விரல் வெளியே வந்து விசைமேல் விழுந்தது. திரையில் ஓர் எழுத்துத் தோன்றியது.

தெய்வசிகாமணி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையுறைகளையும் கழற்றி வைத்தார். வந்த எழுத்தை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தார். எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்க்கவே இல்லை. அட்டையில் பழகிய விரல் தானாகப் போனது. அடித்து முடித்து, அடித்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பெரிய விசையைத் தட்டினார்.

பழுப்புக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஜன்னலைச் சொல்ல வேண்டும், அட்டையைச் சொல்ல வேண்டும், காத்திருந்ததைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை உருவாக்கியவர்கள் அதற்குச் சில கட்டளைகளைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மனிதர் பெயர் அந்தக் கட்டளைகளில் இல்லை. தெரியாததை யார் அடித்தாலும் அது சொல்லக்கூடியது ஒரே வார்த்தை. அதையே திரையில் சொன்னது.

தெய்வசிகாமணியின் கண்கள் நிரம்பி வழிந்தன. கோகிலவாணி பதறிப்போய்ச் செருப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"என்னங்க, என்ன சொல்லுது?"

"தப்புன்னு சொல்லுது."

"அட, அதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

"தப்புன்னாலும் எங்கிட்ட சொல்லுது புள்ள."