மாடத்தி வீட்டு ஓடு

பண்ணையார் தீத்தாரப்பருக்கு ஒரு வீம்பு. ஊரில் ஓட்டு வீடு என்றால் அது தன் வீடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் தலைக்கு மேல் ஓலைதான். பணியாரம் சுட்டு விற்கும் மாடத்தி தன் வீட்டுக்கு ஓடு போட்டுவிட்டாள் என்று கேட்டதும், ஊரையே கூட்டிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, சாயங்காலத்துக்குள்ள ஓட்டை இறக்கிட்டு ஓலையை ஏத்து!"

"ஏத்திருதேன் எசமான். அப்படியே இந்த ஆடி மேலக்காத்துக்கும் ஒரு உத்தரவு போட்டுருங்க, என் அடுப்புப் பொறி ஓலையில பத்துனா, அந்தத் தீயைக் கிழக்கே கொண்டு போகக் கூடாதுன்னு."

பண்ணையார் கிழக்கே திரும்பினார். அங்கே அவருடைய வைக்கோல் போர் மலை மாதிரி நின்றது. அதை ஒட்டி அவர் வீடு. காற்று அவருடைய மேல்துண்டையே அந்தப் பக்கம்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"சரி சரி, ஓடே இருக்கட்டும். இந்தத் தெரு முழுக்க ஓடே போடட்டும்" என்றவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "அப்போ எனக்கும் உங்களுக்கும் என்னட்டி வித்தியாசம்?"

மாடத்தி ஒரு பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள்.

"நீங்க ஓலைக்கு மாறிக்கிடுங்க எசமான். ஊர்லயே ஒத்த ஓலை வீடு உங்க வீடாத்தான் இருக்கும்."