பிடி விட ஒரு சொட்டுத் தீனி

தேவசகாயம் செய்த விரல் நூலைப் பிடித்தது. பிடித்த பிறகு விடவில்லை.

கூழ்போல மெத்தென்ற பட்டை அது. முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள் உள்ளே இருந்து இழுத்தால் மடங்கும். அந்தப் புரதங்களுக்கு ஊட்டும் திரவத்துக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் தீனி.

செயற்கைக் கால் செய்து பிழைத்தவர் தேவசகாயம். ஐம்பதைத் தாண்டிய பிறகு, அந்த ஆய்வகத்தை நடத்தும், தன்னைவிடச் சின்னவரான மெகருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். அவர் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆற்று வெள்ளத்தில் அவர் மனைவியின் கையைப் பிடித்திருந்தார். மனைவி மகனைப் பிடித்திருந்தாள். அவர் கை விட்டுவிட்டது. மறுநாள் இருவரும் பிணமாகக் கரையில் கிடந்தார்கள். அவளின் மூடிய கைக்குள் பிள்ளையின் சட்டை இருந்தது. சட்டையை வெட்டித்தான் பிள்ளையைப் பிரித்தார்கள்.

“என் கையில தெம்பு தீந்துபோச்சு” என்பார், யார் கேட்டாலும். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மனுஷர் இத்தனை வருஷமும் சோறு தின்று, தூங்கி எழுந்தார்.

“ஏன் மேடம் விட மாட்டேங்குது?”

“விட வைக்க என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?”

“தீனிய நிறுத்திட்டேன். தெம்பு போனா தானா விட்ரும்லா?”

மெகருன்னிசா விரலை மடங்கச் செய்யும் உப்பைக் கழுவி எடுத்தார். விரல் அசையவில்லை. பிறகு ஒரு சொட்டுத் தீனி விட்டார். விரல் மெல்ல விரிந்தது. நூல் கீழே விழுந்தது.

தேவசகாயம் விழுந்த நூலைக் கையில் எடுத்தார்.

“அப்போ, விடுறதுக்குத்தான் தெம்பு வேணுமா?”

“ஆமா. பிடிச்ச பிடியில தெம்பு முழுசா தீந்தா அப்படியே இறுகிரும். பொணம் விறைக்கிறது அதுதான்.”

தேவசகாயம் தன் வலது கையைப் பார்த்தார். பொய்யாவது சொல்லுங்களேன் என்று மனசு கெஞ்சியது. வாய் வேறொன்றைக் கேட்டது.

“அன்னைக்கு என் கையில மிச்சம் இருந்துச்சா, மேடம்?”

ஆசிரியைக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பொய்தான் வரவில்லை.

“இருந்துச்சு அண்ணாச்சி. உயிருள்ள கைதான் விடும். நீங்களும் விடாம இருந்திருந்தா, மூணு பேரையும் பிரிக்க முடியாம ஒரே குழியிலதான் வச்சிருப்பாங்க.”