பதினொன்று நன்றாக வளர்ந்த நாள்

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. மூளையில் வரும் புற்றுக்கட்டிகளை ஆராயும் இடம். அதன் தலைவி தையல்நாயகிக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்று.

தேவசகாயம் மூளை அறுவை மருத்துவராக இருபது வருஷம் பேர் எடுத்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்தார். அந்த நிலையில் மற்றவர்கள் சொந்தமாகக் கிளினிக் திறப்பார்கள். இவர் கண்ணாடிக் குழாய் கழுவ வந்துவிட்டார்.

வந்த முதல் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மேடம், கட்டியை முழுசா எடுக்கறேன். ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. ஆனா அதே இடத்துல திரும்ப வருது. எங்கேருந்து வருது?”

கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் தங்கிவிடும் என்று புத்தகத்தில் இருக்கும் பதில் அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு மனம் ஆறவில்லை.

தையல்நாயகி ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து நீட்டினார்.

“முதல்ல செல்லுக்குச் சாப்பாடு வைக்கக் கத்துக்குங்க டாக்டர்.”

இரண்டு வருஷம் போயிற்று. அவர் பதில் சொல்லவில்லை. இவரும் மறுபடி கேட்கவில்லை.

அந்தக் கூடத்தில் பல நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அவற்றில் பதினொன்றுதான் செல்லப்பிள்ளை. தையல்நாயகியின் ஒன்பது கட்டுரைகள் அதை வைத்து எழுதியவை. ‘பதினொண்ணுக்குச் சாப்பாடு வச்சாச்சா?’ என்பதுதான் அங்கே காலை வணக்கம்.

பதினொன்று, புளியங்குடியைச் சேர்ந்த கோமதி என்ற பெண்ணின் தலையிலிருந்து வந்தது. எடுத்தவர் தேவசகாயம்தான். பதினேழு வருஷம் ஆகப்போகிறது. அறுவை நடந்து பதினோரு மாதத்தில் கோமதி இறந்துபோனார்.

அவர் கணவர் பிச்சையா மின்வாரியத்தில் லைன்மேன். பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு தை மாதமும் மனைவி இறந்த நாளன்று பஸ் பிடித்து வருவார். ஒரு மஞ்சள் பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவருவார். மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பார்ப்பார். ‘நல்லாருக்கு’ என்பார். எழுந்து போய்விடுவார்.

“இது உங்க சம்சாரம் இல்ல, அவங்களுக்கு வந்த நோய்,” என்று முதல் வருஷமே தையல்நாயகி சொல்லிப் பார்த்தார்.

“தெரியும்மா,” என்றார் பிச்சையா. “அவகிட்ட இருந்து வந்ததுல இது ஒண்ணுதான உசுரோட இருக்கு.”

அதற்கப்புறம் தையல்நாயகி அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. தேவசகாயம் மட்டும் இந்த இரண்டு வருஷமும் அந்த நாளில் லீவு போட்டுவிட்டார்.

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்பு ஒரு பத்திரிகை, பத்தாவது கட்டுரையை அச்சிட ஒரு நிபந்தனை போட்டது. செல் அந்த நோயாளியுடையதுதான் என்று மரபணுச் சோதனை செய்து காட்ட வேண்டும். தேவசகாயம் பதினொன்றிலிருந்து ஒரு குழாய் அனுப்பினார். கோமதியின் கட்டியில் ஒரு துண்டு மெழுகில் பதித்து மருத்துவமனையில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்தும் ஒரு சீவல் வாங்கி அனுப்பினார்.

முடிவு ஒரு பக்கத்தில் வந்தது. மெழுகில் இருப்பது ஒரு பெண். தட்டில் இருப்பது ஓர் ஆண். மூளையும் அல்ல, நுரையீரல் புற்று. உலகத்தில் பாதி ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிற, காடு மாதிரி மண்டுகிற செல் அது.

தேவசகாயம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தையல்நாயகி இரண்டு முறை படித்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை உருவிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதைப் படிங்க.”

தையல்நாயகியின் கையெழுத்துதான். ஏழு மாதமாக ஒரே பாட்டு: ‘11 சரியாக ஒட்டவில்லை.’ ‘11 மெதுவாக.’ ‘11 போய்விடும் போலிருக்கிறது.’ பிறகு புரட்டாசியில் ஒரு நாள்: ‘11 தட்டு நிறைய! எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.’

“பக்கத்துல அந்த நுரையீரல் செல்லும் வளர்த்தோம். ஒரே புட்டியிலேருந்து ரெண்டு தட்டுக்கும் சாப்பாடு ஊத்தியிருக்கேன்,” என்றார் தையல்நாயகி. “ஒரு சொட்டு போதும். அது நல்லா வளர்ந்ததும் எனக்குச் சந்தோஷம். ஏன் திடீர்னு இப்படி வளருதுன்னு கேக்கத் தோணல.”

சிரித்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. வலித்தது. பதினாறு வருஷ உழைப்பு ஒரு பக்கத் தாளில் போனால் வலிக்காமல் என்ன செய்யும்?

மாலைக்குள் பத்திரிகைகளுக்கு ஒன்பது கடிதங்கள் எழுதி முடித்தார். ஒவ்வொன்றிலும், ‘பிழை என்னுடையது. கட்டுரையை நீக்கிவிடுங்கள்.’

தேவசகாயம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், வியாழக்கிழமை பிச்சையா வருவாரு.”

“வரட்டும்.”

“அவர்கிட்டயும் சொல்லணுமா?”

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தார். தேவசகாயமே தொடர்ந்தார்.

“பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். ஆனா அவர் எந்தப் பத்திரிகையைப் படிக்கப் போறாரு? அந்த அஞ்சு நிமிஷம்தான் அவருக்கு ஆறுதல். அதையும் பிடுங்கணுமா?”

“வியாழக்கிழமை லீவு போடாதீங்க டாக்டர்,” என்றார் தையல்நாயகி.

வியாழக்கிழமை பத்தரைக்குப் பிச்சையா வந்தார். ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். கையில் அதே மஞ்சள் பை. தேவசகாயத்தைப் பார்த்ததும் நின்றார்.

“நீங்கதான அன்னைக்கு ஆபரேசன் பண்ணுனது?”

“ஆமா.”

“நல்லாருக்கீங்களா சார்?”

தேவசகாயம் தலையை ஆட்டினார்.

பிச்சையா வழக்கம்போல மைக்ரோஸ்கோப் முன் ஸ்டூலில் உட்காரப் போனார். தையல்நாயகி குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது அவங்களோடது இல்ல ஐயா.”

“என்னம்மா சொல்லுதீங்க?”

“வேற ஒருத்தரோட செல் கலந்து, அதுதான் வளர்ந்திருக்கு. போன வாரம்தான் தெரிஞ்சுது. என் கையில நடந்த தப்பு.”

“எப்பம் இருந்து?”

“நீங்க முதல் தடவை வர்றதுக்கு முன்னாலேயே.”

பிச்சையா விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

“அப்பம் ஒரு தடவகூட நான் அவளப் பாக்கலயா?”

“இல்ல.”

தேவசகாயத்துக்கு அந்த அறையைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

“யாரு அது?” என்றார் பிச்சையா.

“பேர் தெரியாது. ஒரு ஆம்பளை. வெளிநாட்டுக்காரர். இறந்து ரொம்ப காலம் ஆச்சு.”

பிச்சையா மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து, எப்போதும்போல ஐந்து நிமிஷம் பார்த்தார். ஆனால் நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

“கோமதியோடது எதுவுமே மிச்சமில்லியா?”

“முதல் மாசங்கள்ல உறைய வச்ச மூணு குழாய் இருக்கு. சோதனைக்குக் கொடுத்துப் பாத்துட்டேன். அது அவங்களோடதுதான். ஆனா அது அப்பவே சரியா வளரல. இப்ப எடுத்தா பிழைக்குமான்னு தெரியாது.”

“பொழைக்காட்டியும் சொல்லிருங்க.”

“சொல்றேன்.”

எழுந்தார். எழுந்தவர் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். குரலில் குறை ஒன்றும் இல்லை. ஏதோ ஊர்ச் சமாச்சாரம் சொல்வதுபோலச் சொன்னார்.

“தூத்துக்குடில அவ அண்ணன் இருந்தாரு சார். ஒரு மனஸ்தாபம், ஒம்பது வருசமாப் பேச்சுவார்த்த இல்ல. ஆபரேசனுக்கு முந்தின நாளு, பொழச்சு எந்திரிச்சா மொத வேலையா அண்ணனப் போய்ப் பாக்கணும்னா. நீங்க எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களா, அதான் நல்லாயிட்டாளே, நெல் அறுப்பு முடியட்டும், அவளுக்கு முடி வளரட்டும், மெதுவாப் போவோம்னு நாந்தான் சொன்னேன். எட்டாம் மாசம் பேச்சு நின்னுபோச்சு. அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்து அழுதாரு. அவளால ஒரு வார்த்த பேச முடியல.”

சொல்லிவிட்டு வெளியே போனார். கேட் வரை போனவர் திரும்பி வந்தார்.

“பையக் கையோட கொண்டு போறேன் பாருங்க,” என்று எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தையல்நாயகி உள்ளே போய் ஆவி பறக்கும் நைட்ரஜன் பீப்பாயிலிருந்து ஒரு குழாயை எடுத்து வந்தார். சுண்டுவிரல் அளவு. அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பிடித்து மெல்ல ஆட்டினார். உள்ளே இருந்த பனி வெள்ளையாக இருந்தது.

தேவசகாயம் அவர் பின்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“இருபது வருஷத்துல ஒரு நோயாளி வீட்டுக்காரரைக்கூட நான் இப்படி அனுப்புனது இல்ல மேடம்.”

“எப்படி அனுப்புவீங்க?”

“ஏதாவது தைரியம் சொல்லித்தான் அனுப்புவேன்.”

“பிடிங்க,” என்று தையல்நாயகி குழாயை அவர் கையில் கொடுத்தார். “பனி முழுசா உருகற வரைக்கும் ஆட்டுங்க.”

தேவசகாயம் தண்ணீரில் கைவிட்டுப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது. குழாயை ஆட்ட அவர் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

“கோமதி ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தப்ப, பிச்சையாகிட்ட நீங்க சொன்னது நிஜமா?”

“கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்தேன்.”

“அப்படியா சொன்னீங்க?”

“இல்ல. எல்லாம் எடுத்தாச்சு, கவலைப்படாமப் போங்கன்னு சொன்னேன். பாவமா இருந்துச்சு மேடம்.”

“கட்டி எத்தனை மாசத்துல திரும்ப வந்துச்சு?”

“எட்டு.”

“எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?”

குழாயில் பனி உருகிவிட்டது. தேவசகாயம் அதைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.