காலி நேம்ஸ்பேஸ்

தமயந்தி வயதில் பரஞ்சோதியைவிட இளையவள். ஆனாலும் அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் "குரு" என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

பரஞ்சோதி அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"குரு, என் புரோகிராம்ல யாரோ கை வைக்கிறாங்க."

"யாரு?"

அவன் கண் ஜெசிந்தாவின் இருக்கைக்குப் போய்த் திரும்பியது. புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"நான் பக்கத்துல போனாலே ஸ்கிரீனை மாத்திடுறா. நேத்து என் ஃபைலைத் திறந்திருக்கா. சாயங்காலம் மேனேஜர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"சொன்னா அவங்க வேலை போயிடும்."

"போகட்டும். பாம்புக்குப் பால் வார்க்கச் சொல்றீங்களா?"

மருந்து ஆர்டர்களை எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிக் கிடங்குக்கு அனுப்புவது அவன் வேலை. ஆர்டரில் மருந்தே இல்லை என்று கிடங்கின் மென்பொருள் திருப்பித் திருப்பி அனுப்பியது. மருந்துகளோ வரிசையாக உள்ளே இருந்தன. எந்தச் சொல் எந்த வீட்டைச் சேர்ந்தது என்று சொல்வதுதான் நேம்ஸ்பேஸ். ஆர்டரின் மேல் கிடங்கின் பெயர் சரியாக இருந்தது. ஒவ்வொரு மருந்தின் மேலும் அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறும் காலி.

"அந்தக் காலியை நான் எழுதவே இல்லை, குரு. சத்தியமா."

"தெரியும்."

தமயந்தி தன் மடிக்கணினியின் வைஃபையை அணைத்து அவன் முன் தள்ளினாள். "இப்ப இதுல வேற யாரும் கை வைக்க முடியாது. புதுசா எழுதுங்க. ஒரு ஆர்டர், உள்ளே ஒரு மருந்து. போதும்."

எழுதினான். ஆர்டருக்குக் கிடங்கின் நேம்ஸ்பேஸைக் கொடுத்தான். மருந்துக்கு மருந்தின் பெயர் மட்டும். புரோகிராமை ஓட்டினான்.

மருந்தின் மேல் காலி நேம்ஸ்பேஸ் வந்து உட்கார்ந்திருந்தது.

பரஞ்சோதி சட்டென்று நிமிர்ந்தான். ஜெசிந்தா தூரத்தில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மருந்துக்கும் அதே நேம்ஸ்பேஸைக் கொடுங்க," என்றாள் தமயந்தி.

கொடுத்தான். காலி காணாமல் போனது.

அவனுக்கு இன்னும் ஆறவில்லை. "அப்பன் எந்த வீடோ, பிள்ளையும் அந்த வீடுதானே குரு? அதுகூடவா இந்த மெஷினுக்குத் தோணாது?"

"நீங்க சொல்லாததை அது தானா நினைச்சுக்காது, பரஞ்சோதி," என்றாள் தமயந்தி, ஜெசிந்தாவின் பக்கம் பார்த்தபடி. "மெஷின்தானே."